ஸ்கோப்பையும் மீட்டரையும் யுஎஸ்பியில் மாட்டுவதா, லேனில் மாட்டுவதா?

கேள்வி இதுதான்: 48 வோல்ட் பிரஷ்லெஸ் மோட்டார் கண்ட்ரோலர் போர்டுகளைச் சோதிக்க ஒரு மேசை அமைக்கிறீர்கள். நான்கு சேனல் ஸ்கோப் (மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்), ஆறரை இலக்க மல்டிமீட்டர், புரோகிராமபிள் பவர் சப்ளை, இந்த மூன்றிலும் பின்பக்கம் யுஎஸ்பியும் இருக்கிறது, லேனும் இருக்கிறது. எலக்ட்ரானிக் லோடில், அதாவது சொன்ன அளவு கரண்டை இழுத்துக் காட்டும் கருவியில், மட்டும் யுஎஸ்பிதான். லேப்டாப்பில் ஓடும் பைத்தான் நிரல் எல்லாவற்றையும் இயக்க வேண்டும். ஒவ்வொரு போர்டும் 72 மணி நேரம் நிற்காமல் ஓடும். எது வேகம், எதில் இணைப்பது?

நேராகச் சொல்லிவிடுகிறேன். லேன் உள்ள மூன்றையும் லேனில் மாட்டுங்கள். ஆபீஸ் நெட்வொர்க்கில் வேண்டாம், தனியாக ஒரு ஸ்விட்ச் போட்டு மாட்டுங்கள். இதை வேகத்துக்காகச் சொல்லவில்லை. மோட்டார் டிரைவை அளக்கிறவர் முதலில் கவலைப்பட வேண்டியது எர்த்தைப் பற்றி.

இருந்தாலும் வேகத்தைத்தான் முதலில் கேட்டீர்கள், அதை முடித்துவிடுவோம். காகிதத்தில் யுஎஸ்பி 2.0 வினாடிக்கு 480 மெகாபிட். பழைய ரக லேன் 100 மெகாபிட், புதியது 1000. நடைமுறையில் யுஎஸ்பி 2.0-இல் வினாடிக்கு 30 முதல் 40 மெகாபைட் வரை இழுக்கலாம், 100 மெகாபிட் லேனில் 11 மெகாபைட் போல. ஆனால் உங்கள் கருவிகள் இந்த எல்லையைத் தொடவே போவதில்லை. ஆறரை இலக்க மல்டிமீட்டரை 10 என்பிஎல்சியில் வைத்தால், அதாவது மெயின்ஸின் பத்துச் சுழற்சி நேரம் சராசரி எடுக்கச் சொன்னால், 50 ஹெர்ட்ஸில் ஒரு அளவுக்கு 200 மில்லிவினாடி ஆகும். ஆட்டோஜீரோ (ஒவ்வொரு அளவோடும் மீட்டர் தன் பூஜ்ஜியத்தையும் சரிபார்ப்பது) போட்டிருந்தால் அது இரட்டிப்பு. விடையாக வருவது இருபது எழுத்துக்கும் குறைவு. அந்த இருபது எழுத்து எந்தக் கேபிளில் வந்தால் என்ன?

ஸ்கோப்பின் கதையும் அப்படித்தான். ரிகோல் டிஎஸ்1054இசட் பலரிடம் இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்வோம். நினைவகத்தில் மில்லியன் கணக்கில் புள்ளிகள் இருந்தாலும், ஒரு முறை கேட்டால் பைட் வடிவில் அதிகபட்சம் 2,50,000 புள்ளிதான் தரும். ஒரு கோடிக்கு மேல் புள்ளிகள் வேண்டுமென்றால் துண்டு துண்டாகப் பல முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே இருக்கும் சின்னப் புராசஸர் தரவை எடுத்து, அடுக்கி, அனுப்ப வேண்டும். நேரம் அங்கேதான் போகிறது. யுஎஸ்பியை மாற்றி லேன் போட்டாலும், லேனை மாற்றி யுஎஸ்பி போட்டாலும் அந்தப் புராசஸர் அதேதான். வேகம் வேண்டுமென்றால் கேட்கும் முறையை மாற்றுங்கள்: எழுத்து வடிவில் கேட்காமல் பைனரியாகக் கேளுங்கள், மல்டிமீட்டரில் ஆயிரம் அளவுகளை அதன் நினைவகத்திலேயே எடுக்கச் சொல்லிவிட்டு மொத்தமாக ஒரே தடவை வாங்குங்கள்.

லேனில் வேகத்தைக் கெடுக்கும் ஒரு விஷயம் மட்டும் உண்டு. நேரடி சாக்கெட்டில், அதாவது கருவியின் ஐபி முகவரிக்கே நேராக, சின்னச் சின்னக் கட்டளைகளை அனுப்பும்போது, டிசிபியின் நேகிள் முறையும் (சின்னத் துண்டுகளைச் சேர்த்துவைத்து அனுப்புவது) மறுமுனையின் தாமதமான ஒப்புகையும் சேர்ந்துகொண்டு ஒவ்வொரு கேள்விக்கும் 40 மில்லிவினாடி, சில சமயம் 200 மில்லிவினாடி வரை காத்திருக்க வைக்கும். "லேன் மந்தமாக இருக்கிறது" என்று வரும் புகார்களில் பல இதுதான். சாக்கெட்டில் நோடிலே என்ற அமைப்பை ஆன் செய்து, கட்டளையையும் வரி முடிவையும் ஒரே தடவையாக அனுப்பினால் சரியாகிவிடும்.

சரி, இப்போது எர்த்.

உங்கள் ஸ்கோப்பில் புரோப் மாட்டும் பிஎன்சி ஜாக்கின் வெளி வளையம், அதனால் புரோபின் கருப்புக் கிளிப், மூன்று பின் பிளக்கின் எர்த்தோடு நேரடியாகச் சேர்ந்திருக்கிறது. இது எல்லோருக்கும் தெரியும். பலர் கவனிக்காதது: பின்பக்க யுஎஸ்பியின் கிரவுண்ட் கம்பியும் உலோக உறையும் அதே இடத்தில்தான் சேர்கின்றன. யுஎஸ்பி கேபிளை மாட்டிய நொடியில் லேப்டாப்பின் கிரவுண்டும் ஸ்கோப்பின் கிளிப்பும் ஒரே கம்பி ஆகிவிடுகின்றன.

அடுத்து உங்கள் கண்ட்ரோலர் போர்டு. ஃபர்ம்வேர் ஏற்றவோ லாக் பார்க்கவோ டீபக்கர் ஒன்று அதே லேப்டாப்பின் இன்னொரு யுஎஸ்பி போர்ட்டில் மாட்டியிருக்கும். அதன் கிரவுண்ட் போர்டின் மைனஸோடு சேரும். இப்போது ஹை-சைட் மாஸ்ஃபெட்டின் (48 வோல்ட் பிளஸ் பக்கம் இருக்கும் மின் ஸ்விட்சின்) கேட் சிக்னலைப் பார்க்கலாம் என்று புரோப் முனையைக் கேட்டில் வைத்து, கிளிப்பை மோட்டார் ஃபேஸ் முனையில் கடிக்க விடுகிறீர்கள். "பவர் சப்ளையின் அவுட்புட் மிதக்கிறதே, எர்த்தோடு சேரவில்லையே, என்ன ஆகப்போகிறது" என்று நினைப்பு. மேல் மாஸ்ஃபெட் ஆன் ஆகும் கணத்தில் கரண்ட் போகும் வழியைப் பாருங்கள்: 48 வோல்ட் பிளஸ், மாஸ்ஃபெட், ஃபேஸ், கிளிப், ஸ்கோப்பின் உடம்பு, ஸ்கோப்பின் யுஎஸ்பி கேபிள், லேப்டாப்பின் மதர்போர்டு, டீபக்கரின் யுஎஸ்பி கேபிள், போர்டின் மைனஸ். சுற்று பூர்த்தி. பவர் சப்ளையின் கரண்ட் லிமிட் எவ்வளவோ அவ்வளவும், அதோடு போர்டில் உள்ள பெரிய கெப்பாசிட்டர்களில் தேங்கியிருப்பதும், தலைமுடி அளவுக் கம்பிகள் வழியே ஓடும். முதலில் போவது டீபக்கரா, லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட்டா என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

லேப்டாப் பேட்டரியில் ஓடினாலும் இதே கதிதான். சார்ஜரைப் பிடுங்கிவிட்டால் பாதுகாப்பு என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மேலே சொன்ன வழியில் சுவர் பிளக் எங்குமே வரவில்லை, கவனியுங்கள். கரண்ட் லேப்டாப்பின் ஊடாகவே திரும்பிவிடுகிறது.

ஸ்கோப்பை லேனில் மாட்டினால் இந்தச் சங்கிலி நடுவில் அறுபடும். ஒவ்வொரு ஈதர்நெட் ஜாக்குக்குப் பின்னாலும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கின்றன. தரநிலைப்படி அவை ஒரு நிமிடத்துக்கு 1500 வோல்ட் ஏசியைத் தாங்க வேண்டும். செம்பு வழியாக நேர்த் தொடர்பு கிடையாது. கேபிள் மட்டும் சாதாரண, உறையில்லாத யுடிபி வகையாக இருக்கட்டும். "உயர்ந்த ரகம்" என்று கடைக்காரர் தரும் ஷீல்டு கேபிளின் இரு முனையிலும் உலோகத் தொப்பி இருக்கும். அது ஸ்கோப்பின் உடம்பையும் ஸ்விட்சின் உடம்பையும் மறுபடி சேர்த்துவிடும். விலை குறைந்த கேபிள்தான் நல்லது என்று சொல்ல வாய்ப்புக் கிடைக்கும் அபூர்வமான இடம் இது.

இதைத் தவறாகப் புரிந்துகொள்ள வேண்டாம். லேன் போட்டதால் ஸ்கோப் மிதக்கவில்லை. அது இன்னும் தன் பவர் கார்டு வழியாக எர்த்தில்தான் இருக்கிறது. லேப்டாப்பின் மூன்று பின் சார்ஜரும் பல மாடல்களில் அதன் கிரவுண்டை எர்த்தோடு சேர்க்கும். டீபக்கர் மாட்டியிருந்தால் சுற்று இப்போது சுவர் எர்த் வழியாகப் பூர்த்தியாகும். அதனால் டீபக்கருக்கு ஒரு யுஎஸ்பி ஐசொலேட்டர் (தரவை மட்டும் விட்டு, கிரவுண்டைப் பிரித்துவைக்கும் பெட்டி) போடுங்கள். ஹை-சைடைப் பார்க்க, எர்த்தைத் தொடாமல் இரண்டு முனைக்கு இடையிலான வோல்டேஜை அளக்கும் டிஃபரென்ஷியல் புரோப் வாங்குங்கள். நாளை மெயின்ஸை நேரடியாக டையோடு பிரிட்ஜில் விட்டு 325 வோல்ட் டிசி எடுக்கும் டிரைவைச் சோதிக்க நேர்ந்தால், அதன் மைனஸ் எர்த் அல்ல. அங்கே கிளிப்பை வைத்தால் எந்தக் கேபிளும் காப்பாற்றாது. ஸ்கோப்பின் எர்த் பின்னை வெட்டும் பழைய "வித்தை" வேண்டவே வேண்டாம். அப்படிச் செய்தால் ஸ்கோப்பின் உடம்பே அந்த வோல்டேஜில் நிற்கும்.

எரிவது ஒரு பக்கம் இருக்கட்டும். எதுவும் எரியாத சமயத்திலும் இதே எர்த் வளையம் அளவைக் கெடுக்கும். பவர் சப்ளையின் ரிப்பிளை, அதாவது டிசி மேல் ஏறி நிற்கும் சின்ன ஏற்ற இறக்கத்தை, 20 மில்லிவோல்ட் அளவில் பார்க்கும்போது, ஸ்கோப்பின் உடம்பும் லேப்டாப்பும் போர்டும் மூன்று கேபிளால் வளையமாக இணைந்திருந்தால், லேப்டாப் சார்ஜரின் ஸ்விட்சிங் இரைச்சல் அந்த வளையத்தில் சுற்றும். அது ரிப்பிள் மாதிரியே திரையில் தெரியும். கண்டுபிடிக்க எளிய வழி: புரோபின் முனையை அதன் சொந்தக் கிளிப்பிலேயே தொடவைத்து, இரண்டையும் சேர்த்து போர்டின் மைனஸில் வையுங்கள். திரையில் நேர்கோடு வர வேண்டும். முள் முள்ளாக ஏதாவது வந்தால், ஸ்கோப்பின் யுஎஸ்பி கேபிளைக் கழற்றிப் பாருங்கள். முள் குறைந்தால், நீங்கள் இத்தனை நேரம் ரிப்பிள் என்று குறித்துக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு உங்கள் லேப்டாப்பினுடையது.

அடுத்து 72 மணி நேரம். யுஎஸ்பியில் தரவு பிழையானால் திரும்ப அனுப்பும் வசதி உண்டு. ஆனால் பக்கத்தில் ரிலேயோ கான்டாக்டரோ தட்டும்போது எழும் இரைச்சல் யுஎஸ்பி ஹப்பைக் குழப்பினால், கருவி "கழற்றப்பட்டது, மறுபடி மாட்டப்பட்டது" என்று விண்டோஸ் நினைத்துக்கொள்ளும். "டிங் டாங்" சத்தம் வருமே, அதுதான். உங்கள் நிரல் திறந்து வைத்திருந்த இணைப்பு அந்தக் கணமே செத்துவிடும்; புதிதாகத் திறக்க எழுதியிருந்தால் ஒழிய, நள்ளிரவில் சோதனை நின்று காலையில்தான் தெரியும். விண்டோஸின் பவர் சிக்கனம் வேறு, சும்மா இருக்கும் யுஎஸ்பி போர்ட்டைத் தானே தூங்கவைக்கும். யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட் என்று பவர் ஆப்ஷன்ஸில் இருப்பதை அணைத்துவிடுங்கள். யுஎஸ்பி கேபிள் நீளமும் 5 மீட்டருக்கு மேல் போகக்கூடாது, மோட்டார் மேசையில் 2 மீட்டரே எனக்கு அதிகம். லேன் 100 மீட்டர் போகும். மோட்டார் ஒரு அறையில், நீங்கள் அடுத்த அறையில் என்று உட்கார முடியும். அந்தச் சத்தத்தில் மூன்று நாள் இருக்கப்போகிறவருக்கு இதுவே போதுமான காரணம்.

லேனுக்கும் நோய்கள் உண்டு. முதலாவது முகவரி. கருவி டிஹெச்சிபியில் (ரவுட்டரே முகவரி கொடுக்கும் முறை) இருந்தால் ரவுட்டர் மறுதொடக்கம் ஆன பிறகு வேறு ஐபி எடுக்கலாம். நேற்று ஓடிய நிரல் இன்று "கருவி இல்லை" என்னும். கருவியின் மெனுவிலேயே நிலையான முகவரி கொடுத்து, அதை ஒரு ஸ்டிக்கரில் எழுதிக் கருவியின் முகப்பில் ஒட்டுங்கள். இந்த விஷயத்தில் யுஎஸ்பி மேல்: அதன் முகவரியிலேயே தயாரிப்பாளர் எண், மாடல் எண், கருவியின் வரிசை எண் எல்லாம் அடங்கியிருப்பதால் எந்த போர்ட்டில் மாட்டினாலும் மாறாது. இரண்டாவது, செத்த இணைப்புகள். லேப்டாப் திடீரென்று அணைந்துபோனால், கருவி அந்தப் பழைய டிசிபி இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும். சில கருவிகள் ஒரே நேரத்தில் ஓரிரு இணைப்புக்கு மேல் ஏற்காது. புதிதாக வருபவருக்குக் கதவைத் திறக்காது. ஆஃப் செய்து ஆன் செய்தால்தான் வழிக்கு வரும்.

மூன்றாவது, யார் வேண்டுமானாலும் கட்டளையிடலாம். பெரும்பாலான கருவிகள் கடவுச்சொல் எதுவும் கேட்பதில்லை. ஆபீஸ் நெட்வொர்க்கில் இருக்கும் யாராவது அந்த ஐபியின் 5025-ஆம் போர்ட்டுக்கு ஒரு வரி அனுப்பினால் உங்கள் பவர் சப்ளையின் வோல்டேஜ் மாறிவிடும். வேண்டுமென்றே செய்ய வேண்டியதில்லை. பக்கத்து மேசைக்காரர் தன் பழைய நிரலைத் தவறான முகவரியோடு ஓட்டினாலே போதும். இரண்டு நிரல்கள் ஒரே மீட்டரைக் கேட்டால், ஒருவர் கேட்ட கேள்வியின் விடையை மற்றவரின் கேள்வி அடித்துவிட்டுப் போகும். கருவியின் பிழை வரிசையில் மைனஸ் 410 என்று வந்து உட்காரும். இதோடு, உள்ளே விண்டோஸ் எக்ஸ்பி ஓடும் பழைய ஸ்கோப்புகள் இன்னும் எத்தனையோ ஆய்வகங்களில் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பொது நெட்வொர்க்கில் விடக் கணினித் துறைக்காரர் சம்மதிக்கமாட்டார். அவர் சொல்வதுதான் நியாயம்.

அதனால்தான் தனி ஸ்விட்ச். எட்டு போர்ட், மேனேஜ்டு வகைகூட வேண்டாம். லேப்டாப்பின் லேன் ஜாக்கை இந்த ஸ்விட்சுக்குக் கொடுத்துவிட்டு இணையத்துக்கு வைஃபை பயன்படுத்துங்கள். கருவிகளுக்கு 192.168.50 என்று தொடங்கும், ஆபீஸில் புழங்காத ஒரு முகவரி வரிசை. கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) இடத்தைக் காலியாக விடுங்கள். கருவிகளையே வைஃபையில் விடலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம். 20 கிலோஹெர்ட்ஸில் பெருங்கரண்டை வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் இன்னொரு தலைவலி எதற்கு?

லேன் என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே மூன்று பேச்சுவழக்கு இருக்கிறது. பழையது விஎக்ஸ்ஐ-11, அது முதலில் 111-ஆம் போர்ட்டில் போய் விசாரித்து, அப்புறம் வேறொரு போர்ட்டுக்குப் போகும், அதனால் ஃபயர்வாலோடு சண்டை வரும். அதற்குப் பிறகு வந்த ஹைஸ்லிப் 4880-ஆம் போர்ட்டோடு சரி. கருவியில் ஹைஸ்லிப் இருந்தால் அதையே எடுங்கள். நேரடி சாக்கெட் எல்லாவற்றிலும் எளிது, டிரைவரோ விசா லைப்ரரியோ (கருவிகளோடு பேசக் கணினியில் நிறுவும் மென்பொருள்) இல்லாமலே ஓடும். நிறுவனக் கணினியில் எதையும் நிறுவ அனுமதி இல்லாதவர்களுக்கு அதுதான் கதி. போர்ட் எண் மட்டும் பிராண்டுக்குப் பிராண்டு மாறும்: கீசைட், சிக்லென்ட் 5025, ரிகோல் 5555.

சாக்கெட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. யுஎஸ்பியின் கருவி நெறிமுறையான யுஎஸ்பிடிஎம்சியிலும் ஹைஸ்லிப்பிலும் "செய்தி இத்தோடு முடிந்தது" என்று சொல்லத் தனி அடையாளம் உண்டு. சாக்கெட்டில் அது கிடையாது. வரி முடிவு எழுத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அந்த எழுத்தின் மதிப்பு 10. ஸ்கோப் அலைவடிவத்தைப் பைனரியாக அனுப்பும்போது ஏதாவது ஒரு புள்ளியின் மதிப்பும் 10 ஆக இருக்கலாம். உங்கள் நிரல் அங்கேயே "முடிந்தது" என்று நிறுத்திவிடும். சில அலைகள் முழுதாக வரும், சில பாதியில் நிற்கும், பைத்தியம் பிடிக்கும். தலைப்பைப் படித்துவிட்டு எண்ணி வாங்குங்கள். #9000250000 என்று தொடங்கினால், 9 என்பது அடுத்து ஒன்பது இலக்கம் வருகிறது என்ற தகவல். அந்த ஒன்பது இலக்கம் சொல்வது 2,50,000 பைட். அத்தனையையும், கடைசியில் ஒட்டிக்கொண்டு வரும் ஒரு வரி முடிவையும் வாங்கிய பிறகுதான் அடுத்த கேள்வி.

யுஎஸ்பியே சரியான விடை ஆகும் இடங்களும் இருக்கின்றன. ஒரே ஒரு கருவி, ஒரே லேப்டாப், அரை மணி நேர வேலை என்றால் ஐபி முகவரியோடு மல்லுக்கட்டுவது வீண். கல்லூரி லேபில் மாணவர்கள் ஸ்கோப்பின் திரையைப் படமாக எடுத்து ரெக்கார்டில் ஒட்ட வேண்டும் என்றால் யுஎஸ்பியோ முன்பக்கப் பென்டிரைவோ போதும். (முன்பக்கம் இருக்கும் யுஎஸ்பி பென்டிரைவுக்கானது, கணினியோடு பேசப் பின்பக்கத்துச் சதுர ஜாக்தான், இதை வைத்துக் குழம்புகிறவர்கள் ஏராளம்.) பைகோஸ்கோப் 2000 வரிசை மாதிரி மின்சாரமும் தரவும் ஒரே கேபிளில் வாங்கும் கருவிகளுக்கு வேறு வழியே இல்லை.

யுஎஸ்பி என்று எழுதியிருப்பதெல்லாம் யுஎஸ்பி அல்ல என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த பவர் சப்ளைகள், லோடுகள் பலவற்றில் உள்ளே ஒரு சீரியல் சிப் மட்டும் இருக்கும். கணினியில் காம் 5, காம் 7 என்று தெரியும். 115200 பாட் என்றால் வினாடிக்கு 11,520 பைட்தான், 480 மெகாபிட் எல்லாம் பெட்டி மேல் அச்சடித்ததோடு சரி. எஃப்டிடிஐ சிப்பாக இருந்தால் டிரைவரின் லேட்டன்சி டைமர் (வந்த தரவைச் சேர்த்துவைத்துக் காத்திருக்கும் நேரம்) 16 மில்லிவினாடியில் இருக்கும். டிவைஸ் மேனேஜரில் அதை 1 ஆக்கினால் சின்னக் கேள்விகளுக்கு விடை சட்டென்று வரும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லோடு ஏறும் கணத்தில் ஸ்கோப் பிடிக்க வேண்டும் என்றால் அதை நிரலில் நேரம் பார்த்துச் செய்யாதீர்கள். லேனோ யுஎஸ்பியோ, கட்டளை போய்ச்சேரும் நேரம் ஒவ்வொரு தடவையும் மில்லிவினாடிக் கணக்கில் ஆடும். லோடின் பின்பக்க டிரிகர் அவுட்டிலிருந்து ஸ்கோப்பின் எக்ஸ்டெர்னல் டிரிகருக்கு ஒரு கம்பி இழுங்கள். ஸ்கோப்பில் அந்த உள்ளீடு இல்லை என்றால் ஒரு சேனலை அதற்கு ஒதுக்குங்கள்.

நிரலில் முகவரிகளை எங்கும் எழுதிவைக்காமல் தனிக் கோப்பில் வைத்துக்கொண்டால், நாளை லேனிலிருந்து யுஎஸ்பிக்கு மாறினாலும் ஒரு வரி மாற்றினால் போதும். கருவிகளுக்கு அனுப்பும் எஸ்சிபிஐ என்ற பொதுவான கட்டளைகள் இரண்டிலும் ஒன்றுதான். நிரல் தொடங்கியதும் எல்லாக் கருவியிடமும் ஐடிஎன் (நீ யார் என்ற கேள்வி) கேட்டு, வரிசை எண் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பவர் சப்ளையை ஆன் செய்யட்டும்.

மிச்சம் உங்கள் எலக்ட்ரானிக் லோடு. யுஎஸ்பி மட்டும் உள்ள அதற்கு இரண்டு வழி. ஒன்று, ஐசொலேட்டர். ஏடியுஎம்4160 சிப் வைத்தவை மலிவாகக் கிடைக்கும். அவை 12 மெகாபிட்டுக்கு மேல் போகாது, லோடுக்கு அது தாராளம். ஸ்கோப்புக்கு அதைப் போட்டால் அலைவடிவம் இழுக்கும்போது பொறுமை வேண்டும். 480 மெகாபிட் தாங்கும் ஏடியுஎம்4165 வகை விலை கூடுதல். மற்றது, ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி ஒன்றை லோடுக்குப் பக்கத்தில் வைத்து, குட்டையான யுஎஸ்பி கேபிளில் இணைத்து, பையை உங்கள் ஸ்விட்சில் மாட்டுவது. லினக்ஸில் யுஎஸ்பிடிஎம்சி டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது. லோடு உண்மையான யுஎஸ்பிடிஎம்சி கருவியாக இருந்தால் டெவ் அடைவில் யுஎஸ்பிடிஎம்சி0 என்று தோன்றும், சாதாரணக் கோப்பு மாதிரி எழுதலாம், படிக்கலாம். சாக்கெட்டில் வரும் வரியை அதற்குள் தள்ளும் சின்ன நிரல் ஒன்று போதும். நான் என்றால் இரண்டாவதைத்தான் செய்வேன். 72 மணி நேரச் சோதனையையே அந்தப் பையில் ஓடவிட்டுவிட்டு, லேப்டாப்பைச் சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.